பரிசு பெற்ற பரங்கிக்கொடி

பாலாற்றில் வருஷத்தின் பெரும்பகுதி தண்ணீர் ஓடாது. ஆனால் சர்க்கார் தஸ்தாவேஜுகளில் அது ஆறு. ஆறு என்று எழுதிவிட்ட பிறகு தண்ணீர் வருவதும் வராததும் தண்ணீரின் சொந்த விஷயம். ஆறு சர்க்காருடையது, ஆகவே மணலும் சர்க்காருடையது. அந்த மணலைக் குத்தகைக்கு எடுத்துப் பள்ளம் தோண்டித் தர்பூஸும் பரங்கியும் போடுகிற குடியானவனுக்குப் பழம் சொந்தம். கொடி யாருக்குச் சொந்தம் என்பது மட்டும் கும்பினியார் காலத்திலிருந்தே முடிவாகாமல் இருந்தது. முடிவாகாததால் யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை, முனிரத்தினத்தின் கொடியில் மஞ்சள் புள்ளி விழுகிற வரைக்கும்.

முனிரத்தினம் ஆம்பூரை ஒட்டிய ஆற்றோரத்துக் குடியானவன். தை பிறந்து வெள்ளம் வடிந்ததும் மணலில் ஈரம் தட்டும் வரை பள்ளம் எடுத்து, ஆட்டெரு போட்டு, விதை ஊன்றுவான். நடுவில் தர்பூஸ், ஓரத்தில் பரங்கி. அவன் தர்பூஸை வெட்டினால் ரத்தச் சிவப்பாக இருக்கும். ஆம்பூரில் தோல் பதனிடும் கொட்டகை வைத்திருந்த அப்துல் சமத் சாயபு வருஷா வருஷம் அவன் மணலில் விளைவதை மொத்தமாக எடுத்துக்கொள்வார். அந்த வருஷம் நோன்பு மாதம் பங்குனியில் வந்தது. பழம் பழுப்பதும் பங்குனியில்தான். நோன்பும் பழமும் இப்படி ஒரே மாதத்தில் கூடிவருவது ஒரு தலைமுறைக்கு ஒருமுறை. பகலெல்லாம் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டிய ஆட்கள் சாயங்காலம் பள்ளிவாசலில் உட்கார்ந்து தன் பழத்தை வாயில் வைப்பார்கள் என்று நினைக்கும்போதே முனிரத்தினத்துக்கு மணலில் கால் நிற்காது.

மாசி பிறந்த சமயத்தில் ஓரத்துப் பரங்கிக்கொடிகள் நாலைந்தில் இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகியது. இலை சுருங்கி, மேடு பள்ளமாக வீங்கியது. அவன் பெண்சாதி சௌந்தரம் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லதா தெரில. புடுங்கிக் கொளுத்திடுய்யா."

"அதான் நானும் நெனச்சேன்" என்று குனிந்தவன், கையை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டான். "மணியத்தை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். சர்க்கார் மணலாச்சே."

ஊர் மணியக்காரர் விஷயத்தைக் கேட்டதும் இரண்டடி பின்வாங்கினார். "சர்க்கார் மணல்ல மொளச்சத நீ புடுங்குவே. நாளைக்கு இன்னொருத்தன் மணலையே புடுங்குவான். அப்புறம் ஆறு எங்கடான்னு என்னைக் கேப்பாங்க. வியாதி கண்ட பயிரு இருந்தா ஆபீசரு பாக்கற வரைக்கும் கை வெக்கக் கூடாதுன்னு உத்தரவு வந்துகீது. மனு போடு."

முனிரத்தினம் மனு போட்டான். இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அவன் அன்றைக்கே கொடியைப் பிடுங்கியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மணியக்காரர் ஆற்றுப் பக்கம் போய் எத்தனையோ வருஷமாயிற்று. ஆனால் ஒன்றைச் செய்யலாமா என்று ஒருமுறை கேட்டுவிட்டால், பிறகு செய்ய முடியாது. இது நம் தேசத்து ஆளுகையின் அஸ்திவாரம்.

மனுவின் பலனாக வேலூரிலிருந்து விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஆரோக்கியசாமி ரயிலேறி வந்தார். இளவயதுக்காரர். காக்கித் தொப்பி, கையில் பூதக்கண்ணாடி. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆகையால் எல்லோரையும் பார்த்துப் புன்னகை செய்வார். கொடியைப் பார்த்ததும் அந்தப் புன்னகை கொஞ்சம் மங்கியது.

"இது மொசைக் நோய். ஒருவித நச்சு. பூதக்கண்ணாடியிலயும் தெரியாது, சீமையிலேருந்து வர்ற மைக்ராஸ்கோப்புலயும் தெரியாது."

"கண்ணுக்கே தெரியாதத எப்படி சாமி புடிக்கறது?"

"பிடிக்க முடியாது. பூச்சிங்க ஒரு கொடியிலேருந்து இன்னொரு கொடிக்குக் கொண்டுபோவுதுன்னு சொல்றாங்க. உடனே பிடுங்கி எரிக்கறதுதான் ஒரே வழி. ஒருநாள்கூட வெச்சிருக்கக் கூடாது."

"அப்ப புடுங்கிடட்டுமா?"

"கூடாது" என்றார் ஆரோக்கியசாமி. "நான் எழுதறது சிபாரிசுதான். உத்தரவு மேலேருந்து வரணும். மேலே இருக்கறவர் நோயைப் பார்க்காம உத்தரவு போட மாட்டார். அதனால ஒரு கொடியை உயிரோட எடுத்துட்டுப் போறேன். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

"அதுக்குள்ள பரவிடுச்சின்னா?"

"பரவக் கூடாதுன்னு சிபாரிசுல எழுதிடறேன்."

கொடி வேரோடு ஒரு பூந்தொட்டியில் ஏறி, மூன்றாம் வகுப்பில் வேலூருக்குப் பிரயாணமாயிற்று. அங்கே டிப்டி கலெக்டர் ராவ் சாகிப் தாமோதரம் வெளியூர் முகாமுக்குப் போயிருந்தார். அவர் வரும் வரையில் தொட்டியைக் கச்சேரி வெராண்டாவில் வைத்து, டவாலிச் சேவகனைத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். உத்தரவுக்காகக் காத்திருக்கும் எதுவும் அந்தக் கச்சேரியில் அதுவரை தழைத்ததில்லை. மனிதர்கள் இளைத்தார்கள், காகிதங்கள் பழுத்தன. இந்தக் கொடி மட்டும் தூணைப் பிடித்து ஏறி, உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளும் பச்சையுமாக இலை விட்டது.

அந்தக் காலத்தில் வேலூரில் குரோட்டன்ஸ் பைத்தியம் பிடித்திருந்தது. கலெக்டர் பங்களாவில் துரைசானி புள்ளி போட்ட இலைச் செடிகளைத் தொட்டியில் வைத்தாள். ஆகவே டிப்டி கலெக்டர் வீட்டிலும் வைத்தார்கள், ஆனால் மரியாதைக்காகக் கொஞ்சம் குறைவாக. அதற்கும் குறைவாகத் தாசில்தார், அதற்கும் குறைவாகச் சிரஸ்தார். கடைசியில் டவாலிச் சேவகன் வீட்டில் ஒரு தகர டப்பாவில் ஒரே ஒரு இலை இருந்தது. ஒரு மனிதனின் சம்பளம் என்ன என்று கேட்பது அநாகரிகம். அவன் வாசலில் இருக்கிற தொட்டிகளைப் பார்த்தால் போதும். பூக்கிற செடி வைத்திருப்பவனைப் பட்டிக்காட்டான் என்றார்கள். காய்க்கிற செடி வைத்திருப்பவனோடு சம்பந்தம் பேசவே யோசித்தார்கள்.

ராவ் சாகிப் தாமோதரம் முகாமிலிருந்து திரும்பிய அன்றைக்கு, கோட்டை மைதானத்தில் நடக்கப்போகிற செடி கொடிக் கண்காட்சியைப் பற்றிப் பேசத் துரைசானி கச்சேரிக்கு வந்திருந்தாள். வெராண்டாவில் தூணைச் சுற்றியிருந்த கொடியைப் பார்த்து நின்றாள். இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பது யாருக்கும் சரியாகக் காதில் விழவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அதுவே போதுமானதாக இருந்தது.

அவள் வண்டி தெருத் திரும்பியதும், தொட்டியில் ஆரோக்கியசாமி கட்டியிருந்த 'நோய் மாதிரி' என்ற சீட்டை ராவ் சாகிப் தம் கையாலேயே அவிழ்த்தார்.

"ஆரோக்கியசாமி, இது என்ன இனம்?"

"பரங்கி, சார். மொசைக் நோய் கண்ட பரங்கி."

"நோய் கண்டது இப்படித் தழைக்குமா? என் தாயாருக்கு நோய் வந்தப்ப எலும்பும் தோலுமா ஆயிட்டாங்க. இது பாருய்யா, தூணை முறிக்கிற மாதிரி வளர்ந்திருக்கு. இது அபூர்வ இனம். படிச்ச உனக்கு இது தெரியலியே."

ஆரோக்கியசாமிக்குத் தெரிந்தது. தம் வேலை நிரந்தரமாகவில்லை என்பதும் தெரிந்தது. இரண்டில் எது முக்கியம் என்று யோசித்துப் புன்னகை செய்தார்.

இந்தச் சமாசாரமெல்லாம் தெரியாமல், கொடியைப் பிடுங்க உத்தரவு வாங்கிக்கொண்டு போகலாம் என்று முனிரத்தினம் வேலூருக்கு வந்தான். அதற்குள் புள்ளி பக்கத்திலிருந்த தர்பூஸ் பாத்திகளிலும் ஏறத் தொடங்கியிருந்தது. ஓடி வந்தவனைக் கச்சேரி வாசலிலேயே பிடித்து, முகத்தைக் கழுவச் சொல்லி, யாருடையதோ ஒரு தலைப்பாகையைச் சுற்றி, கோட்டை மைதானத்துக்கு இழுத்துப்போய் மேடையில் நிறுத்தினார்கள். பந்தலின் நடுவே அவனுடைய கொடி ஒரு மூங்கில் தட்டியில் படர்ந்து நின்றது. அதன் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. புள்ளி இலைக் கொடிகள் பிரிவில் முதல் பரிசு.

முனிரத்தினம் பயந்துபோனான். கும்பிட்டபடியே, "எஜமான், கொடி கெட்டுப்போயிகீது, புடுங்கறதுக்கு..." என்று ஆரம்பித்தான்.

ராவ் சாகிப் அவன் தோளில் கை வைத்தார். கூட்டத்தைப் பார்த்து உரத்த குரலில் சொன்னார்: "இந்த அபூர்வக் கொடியைப் பயிரிட்டவர், ஆம்பூர் முனிரத்தினம் அவர்கள்."

அவர்கள். பிறந்ததிலிருந்து அவனை 'டேய்' என்றும் 'ஏய்' என்றும் 'முனியா' என்றும் எத்தனையோ பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு வாலை யாரும் ஒட்டியதில்லை. காது சூடேறியது, கண்ணில் தண்ணீர் வந்தது. துரைசானி ஒரு மெடலை அவன் மேல்துண்டில் குத்தினாள். கைதட்டினார்கள். சொல்ல வந்தது என்ன என்று அவனுக்கு ரயிலில் திரும்பும்போதுதான் நினைவுக்கு வந்தது. அப்போது ரயிலில் அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் மெடலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லவும் மனம் வரவில்லை.

"புடுங்கறதுக்கு உத்தரவு குடுத்தாங்களா?" என்றாள் சௌந்தரம்.

"மெடலு குடுத்தாங்க."

"அத்த வெச்சி கொடியப் புடுங்க முடியுமா?"

முனிரத்தினம் மெடலைத் துடைத்தான்.

அந்த வாரமே மணலில் ஒரு கழி நட்டு, அதில் ஒரு பலகையும் மாட்டினார்கள். இதனால் சகலமான பேர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், மேற்படி மணலில் உள்ள புள்ளி விழுந்த கொடிகள் சர்க்காரின் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கின்றன என்றும், அவற்றைக் கிள்ளுவோர், மிதிப்போர், பிடுங்குவோர் தண்டிக்கப்படுவார்கள் என்றும் அது சொல்லிற்று. ஒரு காவல்காரனும் வந்தான். ஆடு மாடு ஓட்டுவதற்கல்ல. முனிரத்தினத்தையும் சௌந்தரத்தையும் ஓட்டுவதற்கு.

இதற்குள் ஆரோக்கியசாமியின் பழைய சிபாரிசு, எந்தெந்த மேஜைகளின் மேலோ ஊர்ந்து, எவரும் படிக்காமல், ராவ் சாகிப்பின் கையெழுத்தோடு உத்தரவாக வெளியே வந்துவிட்டது. மேற்படி மணலில் நோய் கண்டிருப்பதால் அங்குள்ள கொடிகளைப் பிடுங்கி எரிக்க வேண்டியது. ஒரே மணலுக்கு ஒரே கையெழுத்தில் காப்பாற்றவும் உத்தரவு, எரிக்கவும் உத்தரவு. மணியக்காரர் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஓடினார். ராவ் சாகிப் நேரில் வந்து மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முனிரத்தினம் மெடலைக் குத்திக்கொண்டு எதிரே நின்றான்.

"ரெண்டும் என் கையெழுத்து" என்றார் ராவ் சாகிப். "நான் தப்பா உத்தரவு போடுவேனா?"

"போட மாட்டீங்க எஜமான்" என்றார் மணியக்காரர்.

"அப்போ ரெண்டும் சரி. ரெண்டையும் நிறைவேத்தணும். ஆரோக்கியசாமி, புள்ளிக் கொடியை என்ன செய்யணும்?"

"பாதுகாக்கணும், சார்."

"மணல்ல இருக்கிற கொடிகளை?"

"எரிக்கணும், சார்."

"மணல்ல இருக்கிற கொடியிலே பாதுகாக்க வேண்டிய கொடி போனா மீதி என்ன?"

காவல்காரன் கையை நீட்டிக் காட்டினான். புள்ளி விழாத தர்பூஸ் கொடிகள் அங்கே பச்சைப் பசேலென்று படர்ந்து கிடந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் பழம் குடம் குடமாய்ப் பருத்துக்கொண்டிருந்தது.

ஆரோக்கியசாமி தொப்பியைக் கழற்றினார். "சார், அதுங்கல்லாம் நோயில்லாதது."

"நோயில்லாததுன்னா நோய் கண்ட மணல்ல அதுக்கு என்ன வேலை?"

இதற்குப் பதில் சொல்லக் கோயமுத்தூர் விவசாயக் காலேஜில் ஆரோக்கியசாமிக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

சௌந்தரம் முனிரத்தினத்தின் முதுகில் கிள்ளினாள். அவன் வாயைத் திறந்தான். எஜமான், ஊரே நோன்பு திறக்கக் காத்திருக்கிற பழம் என்று சொல்லத்தான் திறந்தான். ராவ் சாகிப் அவனைப் பார்த்து முறுவலித்தார். "பரிசு பெற்ற விவசாயி முனிரத்தினம் அவர்களும் இதுக்குச் சம்மதம்தானே?"

திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. தலை தானாக ஆடியது. தன் கையால் ஊன்றி, குடம் குடமாய்த் தண்ணீர் சுமந்து வளர்த்த கொடிகளை அவன் தன் கையாலேயே பிடுங்கினான். பிஞ்சும் காயுமாகக் குவித்து நெருப்பு வைத்தார்கள். பச்சைக்காய் எரியவில்லை, வெந்தது. சௌந்தரம் மணலில் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

பங்குனியில் நோன்பு பிறந்தது. அப்துல் சமத் சாயபு இரண்டு மாட்டு வண்டியோடு மணலுக்கு வந்தார். மாசியில் ஒருமுறை வந்தபோதே அவர் அந்தக் கொடியைப் பார்த்து, "இன்னா பா இது, அம்மை போட்ட ஆட்டுத்தோல் கணக்கா கீது. எங்க கொட்டாய்ல இப்படி வந்தா கழிவுல தள்ளுவோம்" என்று சொல்லியிருந்தார். இப்போது புள்ளிக் கொடிகளில் பழம் என்று கிடந்ததை எடுத்தார். முஷ்டி அளவு, மேலெல்லாம் மரு. கத்தியால் பிளந்தார். உள்ளே சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்திருந்தது. நோன்பு என்பதால் தாம் வாயில் வைக்காமல் வண்டிக்காரனிடம் ஒரு கீற்றை நீட்டினார். வண்டிக்காரன் துப்பிவிட்டு வாய் கொப்பளிக்கப் போனான்.

"நாள்பூரா நாக்கு வறண்டு நிக்கறவன் கையில இத்தக் குடுத்தா அல்லா என்னைச் சும்மா வுடுவானா?" என்றார் சாயபு. "இன்னா வேல பண்ணிட்டே முனிரத்தினம்? புள்ளி வுளுந்தத வெச்சிக்கினு நல்லதப் புடுங்கிட்டியே. புத்தி இருக்கறவன் பண்ற வேலையா?"

சௌந்தரம் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காலுல இன்னா சாயபு போட்டுனுகீறீங்க?"

சாயபு காலை உள்ளே இழுத்துக்கொண்டார். மஞ்சளும் பச்சையுமாகச் சாயமேற்றி, மேடு பள்ளமாக இருந்த செருப்பு. பரிசுச் செய்தி பரவியதும் வேலூர் உத்தியோகஸ்தர்களுக்குப் புள்ளித் தோலில் செருப்பு வேண்டியிருந்தது. சாயபுவின் பரணில் கழிவென்று ஒதுக்கிய அம்மைத்தோல்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அவை ஒரே மாதத்தில் தீர்ந்துபோய், அம்மை கண்ட ஆடு எங்கேயாவது கிடைக்குமா என்று அவர் ஊர் ஊராக ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். நல்ல ஆடு வைத்திருந்தவர்கள் சந்தையில் தலைகுனிந்து நின்றார்கள்.

"அது வேற விஷயம்மா" என்றார் சாயபு. "அது பிஸினஸ்."

அந்த வருஷம் ஆம்பூரில் பேரீச்சம்பழத்தையும் கஞ்சியையும் வைத்து நோன்பு திறந்தார்கள். கிழவர்கள் சர்க்காரைத் திட்டினார்கள். இளைஞர்கள் சர்க்காரைத் திட்டிவிட்டு, போகிற வழியில் முனிரத்தினத்தின் வீட்டில் ஒரு கணு கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு போனார்கள். பரங்கிக்கொடியில் கணு கணுவாக வேர் விடும். ஒரு கணுவைக் கிள்ளித் தொட்டியில் ஊன்றினால் போதும். கொடியை யாரும் கிள்ளக் கூடாது என்று பலகை இருந்தாலும், பரிசு பெற்ற விவசாயி தன் கையால் கிள்ளிக் கொடுத்தால் அது கிள்ளல் ஆகாது என்று காவல்காரன் தீர்ப்புச் சொல்லியிருந்தான். அவன் வீட்டுக்கும் ஒன்று போயிருந்தது.

முனிரத்தினம் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தான். பயிர் போன மனிதனுக்கு வேறு என்ன இருக்கிறது. வாணியம்பாடியிலிருந்து வந்தார்கள், ராணிப்பேட்டையிலிருந்து வந்தார்கள். காட்பாடி ஸ்டேஷன் மாஸ்டர் பிளாட்பாரத்தில் வைக்க ஆள் அனுப்பினார். ஒவ்வொருவரும் அவனை 'அவர்கள்' என்றார்கள். சௌந்தரம் ஆரம்பத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். பிறகு ஒருநாள் குடியாத்தத்திலிருந்து அவள் அண்ணன் பெண்சாதி வந்தாள். கல்யாணத்தில்கூட இவளுக்கு வெற்றிலைத் தட்டை நீட்டாமல் போன மகராசி. "சௌந்தரம், பிரைஸ் வாங்கின வூட்டுக்காரி நீ, எனக்கொண்ணு குடுக்கக் கூடாதா" என்று குழைந்தாள். சௌந்தரம் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒரு நல்ல கணுவாகப் பார்த்துக் கிள்ளிக் கொடுத்தாள்.

ஐப்பசி வெள்ளம் மணலைக் கழுவிக்கொண்டு போயிற்று. பலகையும் போயிற்று. தையில் பாலாறு நெடுக மறுபடியும் விதை ஊன்றினார்கள். மாசியில் வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை புள்ளி விழாத கொடி ஒன்றுகூட இல்லை. தர்பூஸ் இல்லை, பரங்கி இல்லை, வெள்ளரிகூட இல்லை. குடியானவர்கள் ஒப்பாரி வைத்தார்கள். சர்க்கார் ஒரு விசாரணைக் கமிட்டி போட்டு ராவ் சாகிப்பையே அக்கிராசனர் ஆக்கியது. கமிட்டி டிராவலிங் பங்களாக்களில் தங்கி ஆழமாக விசாரித்தது. புள்ளிக் கொடி பரிசு பெற்ற இனமாகையால் அதற்கு நோய் இருக்க முடியாதென்றும், முன்பு எரிக்கத் தவறிய சில புள்ளியில்லாக் கொடிகளிலிருந்தே இந்தக் கேடு பரவியிருக்க வேண்டுமென்றும் கண்டுபிடித்தது. ராவ் சாகிப் ராவ் பகதூர் ஆனார்.

முனிரத்தினம் சாயபுவின் கொட்டகையில் சுண்ணாம்புக் குழிக்கு வேலைக்குப் போனான். நாள் முழுவதும் முழங்கால் வரை சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று தோலைப் புரட்டினான். கால் வெடித்தது, விரலிடுக்கில் புண் வந்தது. சாயங்காலம் திரும்பும்போது பாலத்தின் மேல் நின்று வெறும் மணலைப் பார்ப்பான். அந்த மணலின் ஈரம் அவன் கைக்குத் தெரியும். அதை நினைத்து அவன் அழுததை அந்தப் பாலத்தில் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

மார்கழியில் ஒருநாள் ஆரோக்கியசாமி அவனைத் தேடி வந்தார். அவர் வேலை நிரந்தரமாகிவிட்டது. அதனால் உண்மை சொல்லும் துணிச்சல் கொஞ்சம் வந்திருந்தது, எழுத்தில் அல்ல, வாய்ப்பேச்சில்.

"முனிரத்தினம், நச்சு மணல்ல இல்லை. வெள்ளம் எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிடுது. வீட்டுக்கு வீடு தொட்டியில வெச்சிருக்காங்களே, அதிலேதான் வருஷம் பூரா உயிரோட இருக்கு. பூச்சிங்க அங்கேருந்துதான் மணலுக்குக் கொண்டுவருது. தை பிறக்கறதுக்குள்ள அத்தனை தொட்டியையும் பிடுங்கி எரிச்சிட்டா, இந்த வருஷம் உன் தர்பூஸ் பழையபடி வரும். இது சத்தியம்."

முனிரத்தினத்துக்கு உயிர் வந்தது. மறுநாள் வேலைக்குப் போகவில்லை. வாசல் வாசலாகப் போனான். முதலில் மணியக்காரர்.

"தாராளமா புடுங்கலாம். ஆனா தாலுக்கா கச்சேரி வெராண்டால ஒண்ணு கீது பாரு, மொதல்ல அத்தப் புடுங்கட்டும். சர்க்காருக்கு முந்தி நான் புடுங்கினா மரியாதையா இருக்காது."

தாலுக்கா கச்சேரியில், பொதுஜனங்கள் எல்லோரும் பிடுங்கிவிட்டதாக மணியக்காரர் எழுதிக் கொடுத்தால் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். சாயபு வாசலில் கொடி மாடி வரைக்கும் ஏறியிருந்தது.

"தர்பூஸ் வேணும்பா, யார் வேணாம்னா? போன நோன்பு எவ்ளோ பேஜாராப் போச்சி" என்றார் சாயபு. "ஆனா சாயக்காரனுங்க இந்த எலையப் பாத்துத்தான் கலர் போடறாங்க. பக்கத்து வூட்டுக்காரன் சும்மா அலங்காரத்துக்கு வெச்சிக்கினு கீறான், அவனப் புடுங்கச் சொல்லு." பக்கத்து வீட்டுக்காரர் சாயபுவைக் கையைக் காட்டினார். கடைசியில் முனிரத்தினம் ரயிலேறி வேலூருக்குப் போய், ஆரோக்கியசாமியின் வீட்டைக் கண்டுபிடித்தான். அங்கே ஜன்னலுக்கு அடியில் இரண்டு தொட்டி இருந்தது.

"இது ஆராய்ச்சிக்கு" என்றார் ஆரோக்கியசாமி. உள்ளேயிருந்து அவர் மனைவி, "அதுல யாரும் கை வெக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள்.

முனிரத்தினம் பொழுது சாய வீடு திரும்பினான். ஊரில் எவனுக்கும் புத்தி இல்லை, சர்க்காருக்கும் இல்லை, படித்தவனுக்கும் இல்லை என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டு வந்தான். யாராவது ஒருவன் ஆரம்பிக்க வேண்டும், தானே ஆரம்பித்துவிடுவது என்று முடிவு செய்தான். சௌந்தரத்திடம் அருவாளைக் கேட்டான். அவள் எடுத்துவந்து கொடுத்தாள். தை பிறக்க இன்னும் சில நாள் இருந்தது.

வாசலில் அவர்களுடைய தொட்டி இருந்தது. அவன் கொடியை இடது கையால் சேர்த்துப் பிடித்து, அருவாளை ஓங்கினான். அப்போது நுனியில் புதிதாக விரிந்திருந்த இலை கண்ணில் பட்டது. நடு நரம்புக்கு இந்தப் பக்கம் முழுக்க மஞ்சள், அந்தப் பக்கம் முழுக்கப் பச்சை. கோடு கிழித்த மாதிரி இருந்தது. இப்படி ஒன்றை அவன் சுற்றி வந்த வாசல்களில் எங்கேயும் பார்க்கவில்லை. கலெக்டர் பங்களாவிலும் இருக்காது.

அருவாள் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.

"இன்னாய்யா?" என்றாள் சௌந்தரம்.

"இத்தப் பாரு."

சௌந்தரம் விளக்கை எடுத்துவந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கோட்டை மைதானத்து ஷோ எப்போ?"

"மாசில."

"தை பொறக்கறதுக்குள்ள புடுங்கணும்னு அந்த ஆபீசரு சொன்னாரே."

"எல்லாரும் புடுங்கிட்டாங்கன்னா, நம்ம வூட்டுது ஒண்ணே ஒண்ணு இருந்து இன்னா ஆயிடப் போவுது?"

ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. சௌந்தரம் அவன் கையிலிருந்து அருவாளை வாங்கிக் கொல்லையில் மாட்டிவிட்டு வந்தாள்.

"அப்ப தொட்டிய உள்ள எடுத்து வையி" என்றாள். "வெளியில இருந்தா எவனாவது கிள்ளிக்கினு போயிடுவான்."